சென்னை வழக்குகளும் பஞ்சாயத்துத் தீர்மானமும்

(பஞ்சாயத்து உறுப்பினர் பயிற்சி முகாமில் வட்டார வளர்ச்சி அதிகாரி நிகழ்த்திய சொற்பொழிவு)



இம்முகாமில் இதுகாறும் வரவு செலவு, குடிநீர், சாலை, ஏரி மராமத்து முதலியவற்றைப் பற்றிப் பேசினோம். இன்று நாம் எடுத்துக்கொண்டுள்ள பொருள் சற்று வேறானது. வழக்கு என்ற சொல்லைக் கேட்டவுடனே நம்மில் பலர் முகம் சுளிப்பது இயல்பே. வரப்புத் தகராறு ஒன்றுக்காகக் கோர்ட்டுப் படியேறி, வரப்பையும் இழந்து வயலையும் இழந்த குடும்பங்கள் இல்லாத கிராமம் ஏது? ஆனால் அத்தகைய வழக்குகளைப் பற்றியதன்று இப்பேச்சு. ஒரு தனி மனிதர் தொடுத்த வழக்கின் முடிவு, நாட்டிலுள்ள கோடிக்கணக்கானோரின் உரிமை எது, அரசாங்கத்தின் அதிகாரம் எதுவரை என்பதை வரையறுத்துவிடுவதுண்டு. குடியரசு மலர்ந்த முதல் ஆண்டிலேயே அப்படிப்பட்ட வழக்குகள் இரண்டு நம் சென்னையில் எழுந்தன. அவற்றால் நாம் அறிய வேண்டிய நீதி ஒன்றே: நோக்கம் நல்லதாயிருந்தால் மட்டும் போதாது, அதை நிறைவேற்றும் வழியும் சட்டத்தின் வழியாக இருத்தல் வேண்டும்.

தியாகராய நகரும் மயிலாப்பூரும்

சென்னைக்குப் போகும் நம்மவர், கலியாணத்திற்குத் துணியெடுக்கத் தியாகராய நகருக்குப் போகாமல் திரும்புவதில்லை. 1920களில் உருவான அந்நகர், நீதிக்கட்சியைத் தோற்றுவித்தவர்களுள் ஒருவரான சர் பி. தியாகராய செட்டியாரின் பெயரைப் பெற்றது. அங்குள்ள பனகல் பூங்கா, 1921 முதல் 1926 வரை சென்னை மாகாணத்தின் முதன் மந்திரியாக விளங்கிய பனகல் அரசரின் பெயரைத் தாங்கி நிற்கிறது. உத்தியோகங்கள் ஒரு சிலரிடமே குவிந்துவிடாமல் எல்லா வகுப்பாருக்கும் பங்கிட்டு அளிக்கப்பட வேண்டும் என்ற அரசாங்க உத்தரவு, பனகல் அரசரின் மந்திரிசபைக் காலத்தில்தான் 1921இல் முதன்முதலாகப் பிறந்தது. 'வகுப்புவாரி உத்தரவு' என்றும், 'கம்யூனல் ஜி.ஓ.' என்றும் மக்கள் அதனை வழங்கினர். உத்தியோகத்திற்கென எழுந்த அம்முறை பின்னர்க் கல்லூரி இடங்களுக்கும் பரவிற்று.

நாடு சுதந்தரம் அடைந்த காலத்தில் மருத்துவக் கல்லூரிகளிலும் பொறியியல் கல்லூரிகளிலும் இடங்கள் பதினான்கு பதினான்காகப் பகுக்கப்பட்டன. அன்றைய உத்தரவின் சொற்களிலேயே கூறினால், ஒவ்வொரு 14 இடங்களிலும் பிராமணரல்லாத இந்துக்களுக்கு 6, பின்தங்கிய இந்துக்களுக்கு 2, பிராமணர்களுக்கு 2, ஹரிஜனங்களுக்கு 2, ஆங்கிலோ இந்தியருக்கும் இந்தியக் கிறிஸ்தவருக்கும் சேர்த்து 1, முஸ்லிம்களுக்கு 1 என்பது கணக்கு. ஏர் பிடித்தவன் மகனும் மாடு மேய்த்தவள் மகளும் கல்லூரி வாசலை மிதிக்க இத்தகைய முறை ஒன்றே வழி என்று பலர் கருதினர். தலைமுறை தலைமுறையாக எழுத்தறியாமல் வைக்கப்பட்டவரையும், ஏட்டோடு பிறந்தவரையும் ஒரே கோட்டில் நிறுத்தி ஓடச் சொல்வது பந்தயமாகுமா என்பது அவர்களது கேள்வி.

1950 ஜனவரி 26ஆம் நாள் அரசியலமைப்புச் சட்டம் அமலுக்கு வந்தது. அவ்வாண்டிலேயே செண்பகம் துரைராஜன் என்ற பெண்மணியும், சி.ஆர். சீனிவாசன் என்ற மாணவரும் சென்னை உயர்நீதிமன்றத்தில் மனுச் செய்தனர். முன்னவர் மருத்துவக் கல்லூரியில் சேர விரும்பியவர். பின்னவர் அடையாற்றை அடுத்த கிண்டிப் பொறியியல் கல்லூரிக்கு விண்ணப்பித்தவர். சேர்க்கைக்குக் கணக்கிடப்படும் பாடங்களில் 450க்கு 369 மதிப்பெண் பெற்றிருந்தார். இம்மதிப்பெண் இருந்தும், பிறந்த வகுப்பின் காரணமாகத் தமக்கு இடம் மறுக்கப்படலாமா என்பது அவரது கேள்வி.

சீனிவாசனுக்காக வாதாடியவர் அல்லாடி கிருஷ்ணசுவாமி ஐயர். நெல்லூர்ப் பகுதியில் ஒரு சிற்றூரில் கோயில் அர்ச்சகரின் மகனாகப் பிறந்து, மயிலாப்பூர் லஸ் சர்ச் சாலையில் 'ஏகாம்ர நிவாஸ்' என்னும் இல்லத்தில் வாழ்ந்தவர்; டாக்டர் அம்பேத்கர் தலைமையில் அரசியலமைப்புச் சட்டத்தின் வரைவை உருவாக்கிய குழுவில் ஓர் உறுப்பினர். சட்டத்தை எழுதியவருள் ஒருவரே, அச்சட்டத்தின் பொருள் இன்னது என்று நீதிமன்றத்தில் எடுத்துரைத்தார் என்பது குறிப்பிடத்தக்கது.

ஆக, தியாகராய நகரின் பெயர்களில் ஒரு நியாயமும், மயிலாப்பூர் வக்கீலின் வாதத்தில் மற்றொரு நியாயமும் நின்றன. இரண்டும் அற்பமானவையல்ல. இதனை நாம் மறத்தலாகாது.

நீதிமன்றம் கூறியது யாது?

தலைமை நீதிபதி பி.வி. ராஜமன்னார் உள்ளிட்ட மூன்று நீதிபதிகள் 1950 ஜூலை 27ஆம் நாள், அவ்வுத்தரவு செல்லாது என்று தீர்ப்பளித்தனர். சென்னை அரசாங்கம் மேல்முறையீடு செய்தது. 1951 ஏப்ரல் 9ஆம் நாள், உச்சநீதிமன்றத்தின் ஏழு நீதிபதிகளும் ஒருமித்து அத்தீர்ப்பை உறுதி செய்தனர்.

அவர்கள் கூறிய காரணத்தை நாம் ஊன்றிக் கவனித்தல் வேண்டும். அரசியலமைப்பின் 29ஆம் விதி, அரசு நடத்தும் கல்விக்கூடங்களில் மதம், இனம், சாதி, மொழி என்ற காரணத்தால் மட்டும் எந்தக் குடிமகனுக்கும் இடம் மறுக்கலாகாது என்கிறது. 46ஆம் விதியோ, நலிந்த பிரிவினரின் கல்வி நலனை அரசு தனிக் கவனத்துடன் வளர்க்க வேண்டும் என்கிறது. சென்னை அரசாங்கம் 46ஆம் விதியைத் தன் துணையாகக் காட்டிற்று. நீதிபதிகளோ, 46ஆம் விதி அரசுக்கு வழிகாட்டும் நெறி. 29ஆம் விதி குடிமகனின் அடிப்படை உரிமை. நெறி உரிமைக்கு உட்பட்டே நடத்தல் வேண்டும் என்றனர்.

அதே நாளில் மற்றொரு சென்னை வழக்கிலும் தீர்ப்பு வந்தது. அது ஜில்லா முன்சீப் பதவிகளைப் பற்றியது. அவ்வழக்கில் ஹரிஜனங்களுக்கும் பின்தங்கிய இந்துக்களுக்கும் இடம் ஒதுக்கியதை உச்சநீதிமன்றம் ஏற்றுக்கொண்டது; ஏனைய வகுப்புப் பங்கீட்டை மட்டுமே தள்ளிற்று. ஒரே நாளில், ஒரே நீதிமன்றத்தில் இரு வேறு முடிவுகள் ஏன்? உத்தியோகங்களில் பின்தங்கிய வகுப்பினருக்கு இடம் ஒதுக்கலாம் என்று 16ஆம் விதியில் தெளிவான வாசகம் இருந்தது. கல்லூரி இடங்களுக்கு அத்தகைய வாசகம் எங்கும் இல்லை. சட்டத்தில் எழுதப்படாத அதிகாரத்தை ஓர் அரசாங்க உத்தரவு தானாக உண்டாக்கிக் கொள்ள இயலாது என்பதே இதன் சாரம்.

சட்டம் திருந்திய வரலாறு

தீர்ப்பு தமிழகத்தில் பெருங்கொந்தளிப்பை உண்டாக்கிற்று. பெரியார் ஈ.வெ.ரா. அவர்கள் கிளர்ச்சி நடத்தினார். பல கட்சியினரும் குரல் எழுப்பினர். ஆயினும் அரசாங்கம் செய்தது யாது? தீர்ப்பைப் புறக்கணித்துப் பழைய உத்தரவையே நடத்திச் செல்லவில்லை. குறை சட்டத்தில் என்றால் சட்டத்தைத் திருத்துவதே முறை என்று துணிந்தது. 1951 மே 12ஆம் நாள் பிரதமர் ஜவாஹர்லால் நேரு திருத்த மசோதாவைப் பாராளுமன்றத்தில் கொண்டுவந்தார். அதே ஆண்டு ஜூன் 18ஆம் நாள் அது சட்டமாயிற்று. அரசியலமைப்பின் முதல் திருத்தம் அதுவே. சமூகத்திலும் கல்வியிலும் பின்தங்கிய வகுப்பினருக்கும், தாழ்த்தப்பட்டோர், பழங்குடியினருக்கும் தனி ஏற்பாடு செய்ய அரசுக்கு அதிகாரம் அளிக்கும் 15ஆம் விதியின் 4ஆம் உட்பிரிவு இவ்வாறு பிறந்தது. சென்னையில் எழுந்த வழக்கு, தீர்ப்பு வந்த எழுபது நாட்களில் இந்தியா முழுமைக்கும் ஒரு புதிய விதியைத் தந்தது.

வழக்குத் தொடுத்தவர் வென்றார். நீதிமன்றம் தன் கடமையைச் செய்தது. மக்களின் பிரதிநிதிகள் சட்டத்தைத் திருத்தினர். பின்தங்கியோர் உறுதியான உரிமை பெற்றனர். அரசாங்க உத்தரவு என்னும் மணல்மேட்டில் நின்ற சலுகை, அரசியலமைப்பு என்னும் பாறையின்மேல் ஏற்றி வைக்கப்பட்டது. நம் வீட்டுப் பிள்ளைகள் எத்தனையோ பேர் இன்று டாக்டராகவும் எஞ்சினீயராகவும் திகழ்வதற்கு அந்தப் பாறையே ஆதாரம்.

உழவர்களுக்கும் அதே திருத்தத்தால் ஒரு நன்மை விளைந்தது. ஜமீன்தாரி ஒழிப்புச் சட்டங்களை வழக்குகளினின்றும் காப்பதற்காக ஒன்பதாம் அட்டவணை என்ற பட்டியல் அப்போது சேர்க்கப்பட்டது. 1948ஆம் ஆண்டுச் சென்னை எஸ்டேட் ஒழிப்புச் சட்டமும் அதில் இடம்பெற்றது. அதனால் ஜமீன் நிலங்கள் ரயத்துவாரி நிலங்களாக மாறியது உறுதிப்பட்டது.

கெஜட்டில் மட்டும் வெளிவந்த உத்தரவு

நிற்க. இரண்டாவது வழக்கு, அதிகாரம் செலுத்தும் முறையைப் பற்றியது. பஞ்சாயத்துக்கு இதுவே மிகவும் நெருங்கியது.

வி.ஜி. ராவ் என்பவர் சென்னையில் ஒரு வக்கீல். அவர் செயலாளராக இருந்த மக்கள் கல்விச் சங்கம், முறைப்படி பதிவு செய்யப்பட்டது. அச்சங்கம் பொது அமைதிக்கு ஆபத்தானது எனக் கருதிய சென்னை அரசாங்கம், 1950 மார்ச்சில் அதனைச் சட்டவிரோதமான சங்கம் என்று உத்தரவிட்டது. ராவ் நீதிமன்றத்தை நாடினார். உயர்நீதிமன்றம் அவர் பக்கம் தீர்ப்பளித்தது. 1952 மார்ச் 31ஆம் நாள் உச்சநீதிமன்றமும் அதனை உறுதி செய்தது. அத்தீர்ப்பை எழுதிய தலைமை நீதிபதி பதஞ்சலி சாஸ்திரி, முன்னர்ச் சென்னை உயர்நீதிமன்றத்தில் நீதிபதியாக இருந்தவர்.

சங்கத்தின் கொள்கை நல்லதா தீயதா என்ற விசாரணையில் நீதிபதிகள் இறங்கவில்லை. அவர்கள் கேட்டவை வேறு. ஒரு சங்கத்தைத் தடை செய்தால் அதன் உறுப்பினர் தண்டனைக்கு ஆளாவர். அவ்வளவு கடுமையான உத்தரவை அவர்களுக்கு உரிய முறையில் தெரிவிக்கச் சட்டம் வகை செய்கிறதா? கெஜட்டில் அச்சிட்டால் போதுமா? அரசாங்கம் தன் மனத்திற்குச் சரியெனப்பட்டதைக் கொண்டே முடிவு செய்யலாமா? ஆலோசனைக் குழு ஒன்று காகிதங்களைப் பார்ப்பது, நீதிமன்ற விசாரணைக்கு ஈடாகுமா? இவற்றுக்கெல்லாம் நீதிபதிகள் கண்ட விடை 'இல்லை' என்பதே.

கட்டுப்பாடு ஒன்று நியாயமானதா என்பதைக் காண ஓர் அளவுகோலையும் அத்தீர்ப்பு வகுத்தது. பறிக்கப்படும் உரிமை எத்தகையது, கட்டுப்பாட்டின் நோக்கம் என்ன, நீக்கக் கருதும் தீமை எவ்வளவு பெரியது, எவ்வளவு அவசரமானது, மருந்து நோயினும் கொடியதாக உள்ளதா, அக்காலத்துச் சூழ்நிலை யாது என்பவற்றை நோக்குதல் வேண்டும். இந்த அளவுகோல் இன்றளவும் நாடெங்கும் நீதிமன்றங்களில் எடுத்தாளப்படுகிறது.

பாராளுமன்றத்திற்கும் எல்லை உண்டு

அரசாங்க உத்தரவுக்கு மேல் சட்டம், சட்டத்திற்கு மேல் அரசியலமைப்பு என்று கண்டோம். அப்படியானால் அரசியலமைப்பையே எப்படி வேண்டுமானாலும் திருத்திவிடலாமா என்ற வினா எழும். 1973 ஏப்ரல் 24ஆம் நாள், கேசவானந்த பாரதி வழக்கில் பதின்மூன்று நீதிபதிகள் அடங்கிய உச்சநீதிமன்ற அமர்வு, பெரும்பான்மைத் தீர்ப்பால் இதற்கு விடை தந்தது. பாராளுமன்றம் திருத்தலாம், ஆனால் அரசியலமைப்பின் அடிப்படைக் கட்டமைப்பைச் சிதைக்கலாகாது என்பது அவ்விடை. நீலகிரி மாவட்டத்துக் கூடலூர் ஜன்ம நிலங்களைப் பற்றிய சட்டத்தையும் உள்ளிட்டு எழுந்த வழக்கில், 2007 ஜனவரி 11ஆம் நாள் ஒன்பது நீதிபதிகள், 1973 ஏப்ரல் 24க்குப் பின் ஒன்பதாம் அட்டவணையில் சேர்த்த சட்டங்களும் இச்சோதனைக்கு உட்பட்டவையே என்று கூறினர். வீட்டைப் புதுப்பிக்கலாம், தூணை வெட்டலாகாது. டில்லியில் உள்ள பாராளுமன்றத்திற்கே எல்லை உண்டென்றால், நம் பஞ்சாயத்திற்கு எல்லை இல்லாமற் போகுமா?

நமது நாற்காலிகள்

தற்செயலாக, அதே ஏப்ரல் 24ஆம் நாள்தான், 1993இல், பஞ்சாயத்துகளுக்கு அரசியலமைப்பில் இடம் தந்த 73ஆம் திருத்தம் அமலுக்கு வந்தது. பஞ்சாயத்து ராஜ் தினமாக அந்நாளையே நாம் கொண்டாடுகிறோம். தாழ்த்தப்பட்டோருக்கும் பழங்குடியினருக்கும் மக்கள்தொகை விகிதப்படி இடமும், பெண்களுக்கு மூன்றில் ஒரு பங்குக்குக் குறையாத இடமும் இத்திருத்தத்தால் உறுதியாயின. தமிழ்நாடு 2016இல் பெண்களின் பங்கைப் பாதியாக உயர்த்திற்று. தலைவர் பதவியையே ஒதுக்கீடு செய்வது முறையா என்றும் வழக்கு எழுந்தது. 2010 மே 11ஆம் நாள் உச்சநீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள், கிருஷ்ணமூர்த்தி வழக்கில், அது முறையே என்று தீர்ப்பளித்தனர். 1951இல் சென்னை வழக்கு உணர்த்திய பாடத்தை நாடு மறக்கவில்லை. இம்முறை ஒதுக்கீடு முதலிலேயே பாறையின்மேல் எழுதப்பட்டது.

எனினும் எழுத்து நாற்காலியைத்தான் ஒதுக்கும். அமர இடம் விட வேண்டியவர்கள் ஊரார். மதுரை மாவட்டத்துப் பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலம், விருதுநகர் மாவட்டத்துக் கொட்டகச்சியேந்தல் ஆகிய தாழ்த்தப்பட்டோருக்கு ஒதுக்கப்பட்ட பஞ்சாயத்துகளில், 1996 முதல் பத்தாண்டுகள் தேர்தலை ஒழுங்காக நடத்த இயலவில்லை. 2006இல்தான் அங்கே தலைவர்கள் முறையாகப் பதவியேற்றுப் பணிபுரிய வழி பிறந்தது. மேலவளவுப் பஞ்சாயத்துத் தலைவர் முருகேசன், 1997 ஜூன் 30ஆம் நாள் படுகொலை செய்யப்பட்டார். அரசியலமைப்பு அளித்த ஒரு நாற்காலியில் அமர்ந்ததற்கு அவர் கொடுத்த விலை தமது உயிர். இதைக் கூறும்போது நாம் தலை குனியாமல் இருக்க முடியாது.

பெண்களுக்கு ஒதுக்கிய நாற்காலியும் அவ்வாறே. மனைவி தலைவர் என்று பலகையில் எழுதியிருக்க, கணவர் கூட்டம் நடத்துவதும், மனைவியைக் கையொப்பத்திற்கு மட்டும் அழைப்பதும் சட்டத்தை ஏமாற்றுவதாகும். சகோதரிகளே, தீர்மானப் புத்தகத்தில் உங்கள் கையொப்பம் இருந்தால் அதற்குப் பொறுப்பும் உங்களுடையதே. ஆகவே வாசித்தபின் கையொப்பமிடுங்கள்; வாசித்துக் காட்டச் சொல்லும் உரிமையும் உங்களுக்கு உண்டு.

தீர்மானம் எழுதுமுன்

இனி, இவ்வழக்குகளை நம் பஞ்சாயத்துக் கூடத்திற்குக் கொண்டு வருவோம். தெருவோரத்தில் ஒரு விதவை இட்லிக் கடை வைத்திருக்கிறார். கடையினால் தண்ணீர் லாரி திரும்ப முடியவில்லை. கூட்டத்தில் அனைவரும் கைதூக்கி, 'நாளைக் காலையில் கடையை அகற்றுக' என்று தீர்மானம் எழுதிவிடுகிறோம். நோக்கம் நல்லதுதான், ஊருக்குத் தண்ணீர் வர வேண்டும். ஆயினும் அவர் நீதிமன்றம் சென்றால் நம் தீர்மானம் நிற்குமா?

அதை எழுதுமுன் ஐந்து கேள்விகளை நம்மை நாமே கேட்டுக் கொள்வோமாக. முதலாவது, இதைச் செய்யச் சட்டம் நமக்கு அதிகாரம் தந்துள்ளதா, அல்லது அது தாசில்தாருக்கோ வேறு அதிகாரிக்கோ உரியதா? இரண்டாவது, பாதிக்கப்படுபவருக்கு எழுத்தில் நோட்டீசு கொடுத்தோமா, அது அவர் கைக்குச் சேர்ந்ததா? மூன்றாவது, அவர் சொல்வதைக் கேட்டோமா? நான்காவது, கடையைப் பத்தடி தள்ளி வைத்தாலே லாரி திரும்புமென்றால், அடியோடு அகற்றுவது மருந்தா, நோயா? ஐந்தாவது, நம் முடிவுக்கான காரணத்தைத் தீர்மானத்தில் எழுதினோமா? அதே வரிசையில் உள்ள வசதியுடையவரின் திண்ணையை விட்டுவிட்டு, நாதியற்றவரின் கடையை மட்டும் அகற்றினால், அங்கே சமத்துவம் என்ற 14ஆம் விதியே நம்மை எதிர்த்து நிற்கும்.

பொதுக் கிணறு, சுடுகாட்டுப் பாதை, கோயில் தெரு ஆகியவற்றில் ஒரு சாதியாரை விலக்கும் முடிவை, எத்தனை பேர் கைதூக்கினாலும், எந்தப் பஞ்சாயத்தும் எடுக்க இயலாது. தீண்டாமையை 17ஆம் விதி ஒழித்துவிட்டது. அதைக் கடைப்பிடிப்பது குற்றம். பெரும்பான்மைக்கு அதிகாரம் உண்டு; ஆனால் ஒருவருடைய அடிப்படை உரிமையை வாக்கெடுத்துப் பறிக்கும் அதிகாரம் பெரும்பான்மைக்கு இல்லை.

மறுபுறம், நம் பஞ்சாயத்துக்கோ நம் ஊராருக்கோ அநீதி நேர்ந்தாலும் வழி அடைபட்டுவிடவில்லை. முதலில் கிராம சபையில் எடுத்துரைக்கலாம், மேலதிகாரிக்கு எழுதலாம், அதனாலும் தீராவிடில் 226ஆம் விதிப்படி உயர்நீதிமன்றத்தில் பேராணை வேண்டலாம். பணமில்லாதவர் அஞ்ச வேண்டுவதில்லை. பெண்கள், தாழ்த்தப்பட்டோர், பழங்குடியினர் ஆகியோருக்கு வருமானத்தைப் பாராமலும், ஏனைய ஏழைகளுக்கு வருமான வரம்புக்கு உட்பட்டும் இலவசச் சட்ட உதவி அளிக்க 1987ஆம் ஆண்டுச் சட்டம் வகை செய்துள்ளது. மாவட்ட நீதிமன்ற வளாகத்தில் உள்ள சட்டப்பணிகள் ஆணைக்குழுவை அணுகினால் போதும்.

நண்பர்களே, அதிகாரம் ஏரித் தண்ணீரைப் போன்றது. கரைக்குள் நின்று மதகு வழியே வந்தால் கடைமடை வரை பயிர் விளையும். கரையை உடைத்துக்கொண்டு வந்தால், அதே தண்ணீர் அதே பயிரை அழித்துவிடும். இந்தக் கரையைக் கட்டிய பணியில், சென்னையில் எழுந்த அவ்விரு வழக்குகளுக்கும் பங்கு உண்டு. அதைக் காக்கும் பொறுப்பு இனி நம்முடையது. அடுத்த கூட்டத்தில் தீர்மானப் புத்தகத்தைத் திறக்கும்போது, நாம் சொன்ன ஐந்து கேள்விகளையும் அதன் முதற் பக்கத்தில் எழுதி வைத்துக்கொள்ளுமாறு கேட்டு அமைகிறோம்.